அடுக்களை விசாரணை

எங்களைப் பார்த்துத்தான் அரியலூர், பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் பாதி சனம் குடும்பம் நடத்துகிறதாம். கல்யாண மேடையில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்லியாகிவிட்டது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போய்விட்டது. இப்போதெல்லாம் முகூர்த்த நாள் வருகிறது என்றாலே எங்காவது ஓடிவிடலாமா என்றிருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு டிரஸ்ட்டில் வேலை பார்க்கிறோம். பிரிந்து நிற்கிற புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, சேர்த்து வைப்பதுதான் வேலை. ஆரம்பத்தில் அவர் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்ட வருகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் அதே டிரஸ்ட்டில் தையல் சொல்லிக் கொடுத்தேன். அதனால் இன்றைக்கும் அவர் எல்லோருக்கும் சார், நான் டீச்சர். அங்கேயே பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். பிறகுதான் டிரஸ்ட்டில் இந்தக் குடும்ப ஆலோசனை வேலையை ஆரம்பித்தார்கள். இதற்குத் தனி ஆள் சரிப்படாது, தம்பதியாக இருந்தால்தான் சனம் நம்பும் என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே வேலையாகப் போட்டார்கள். அரியலூர் ஓரத்தில் ஒரு வீடும் கொடுத்தார்கள். ஆர்டரில் ஒரு வரி இருந்தது: இருவரில் ஒருவர் விலகினால் மற்றவருக்கும் வேலை கிடையாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். நாம் எங்கே விலகப் போகிறோம் என்ற திமிர்தான், வேறென்ன.

எங்கள் முறையை நாங்களேதான் உண்டாக்கினோம். சண்டை போட்ட சோடி வீட்டுக்கு வந்தால் ஆணை முன்கூடத்தில் அவர் உட்காரவைத்துக்கொள்வார். பெண்ணை நான் அடுக்களைக்குக் கூட்டிப் போய்விடுவேன். எடுத்த எடுப்பில் எதுவும் கேட்கமாட்டேன். ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, "இதக் கொஞ்சம் உரிச்சுக் குடும்மா" என்பேன். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். பெண்ணைப் பெண்தான் விசாரிக்க வேண்டும், ஆம்பளை விசாரிக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அடி உதை கேசு என்றால் பேச்சே கிடையாது, நேராக மகளிர் காவல் நிலையம்தான். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று தடவை பேசுவோம். சமாதானமானால் நான்கு பேரும் வரிசையாக இலை போட்டுச் சாப்பிடுவோம். அவர் நோட்டை எடுத்து வருவார். பெயர் எழுதமாட்டார், ஊர், வயது, காரணம், முடிவு மட்டும். புருஷன் ஒரு கையெழுத்து, பெண்டாட்டி ஒரு கையெழுத்து, கீழே ஆலோசகர்கள் என்று நாங்கள் இரண்டு கையெழுத்து.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது, ஆனாலும் நல்ல மனுஷர்தான். பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற ஆளைக்கூட, "சாப்பிட்டீங்களா, மகன் எங்க வேலை பாக்குறாரு" என்று விசாரிப்பார். லாரி டிரைவர் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் கால் வைத்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுவார். பேப்பர், பேப்பருக்குப் பின்னால் தலை. என்னிடம் பேசினால் கேசைப் பற்றிப் பேசுவார். "ஜெயங்கொண்டத்துக் கேசு என்னாச்சு?" "உடையார்பாளையத்துக்காரி மாமியாரு வந்தாங்களா?" அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் வந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, அந்த ரெண்டாவது நோட்ட எங்க வெச்ச?" என்றார்.

மேடையில் மட்டும் கதையே வேறு. நாங்கள் சேர்த்து வைத்த வீடுகளில் எது நடந்தாலும் எங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தாலித் தட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துத்தான் கூட்டத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். போட்டோக்காரன், "சார், டீச்சர் பக்கத்துல கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்பான். இவரும் தோளில் கையைப் போடுவார். பளிச்சென்று வெளிச்சம் அடித்து அணைந்ததும் கையை எடுத்துவிடுவார். அப்புறம் மைக்கைக் கொடுத்தால், "எங்களையே எடுத்துக்குங்க" என்று ஆரம்பிப்பார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். துள்ளி விழுந்த பல்லி நான்தான்.

போன வருஷம் ஒரு பெண்ணைத் தங்க வைப்பதற்காகப் பெரம்பலூரில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போயிருந்தேன். நர்சிங் படிக்கிற பிள்ளைகளும் வேலைக்குப் போகிற பிள்ளைகளும் தங்கியிருக்கிற இடம். அதை நடத்துகிற அம்மாள் பேச்சுவாக்கில், "வார்டன் வேலைக்கு ஆள் தேடறோம். நீங்களே வரலாமே டீச்சர், ரூமும் இருக்கு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அந்த ரூமைப் பார்க்க வேண்டும் என்றேன். மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், சுவரில் ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். அந்த அம்மாள் போன் வந்து கீழே இறங்கியதும் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். ஜன்னல் வழியாக யாரோ ஒரு பிள்ளை பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி பிழிகிற சத்தம் வந்தது. என்னை யாரும் எங்கேயும் எடுத்துக்காட்டாகக் காட்டவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கீழே இறங்கி, "மாசக் கடைசிக்குள்ள சொல்லிடறேங்க" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நான் போனால் ஐம்பத்தேழு வயதில் அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அது ஒன்று. இன்னொன்று, இதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்தப் பக்கத்தில் புருஷனோடு வாழப் பிடிக்காத பெண் எவளாக இருந்தாலும் வருகிற இடம் எங்கள் வீடுதான். நான் எங்கே போவேன்? மகன் ஓசூரில் இருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனில் லேசாகப் பேச்சை எடுத்தேன். "அம்மா, இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்மா" என்றான். அத்தோடு விட்டுவிட்டேன். வீட்டு கேட்டுக்குள் வரும்போது சிமெண்ட் லாரித் தூசி படிந்த கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் மூச்சு முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரே நின்றேன். பேப்பர் அசையவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாயில் எது பழகியிருந்ததோ அதுவே வந்தது.

"என்னங்க, புதுசா ஒரு கேசு வந்திருக்கு."

பேப்பர் மடிந்தது. மனுஷர் முகத்தில் ஒரு வெளிச்சம். "உக்காரு, உக்காரு. எந்த ஊரு?"

"இந்தப் பக்கம்தான்."

"வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"அடேங்கப்பா. இந்த வயசுலயா? அடிக்கிறானா?"

"இல்ல."

"குடியா?"

"இல்ல."

"வேற பொம்பள சகவாசம்?"

"அதுக்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது."

"பின்ன என்னதான் கொற அந்தம்மாவுக்கு?"

"அவரு அந்தம்மாகிட்டப் பேசறதே இல்லியாம். ஊருல இருக்கிறவனை எல்லாம் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேப்பாராம். பொண்டாட்டிய ஒரு நாளும் கேட்டதில்லியாம்."

சிரித்துவிட்டார். "அட, இதுக்குப் போயா? தங்கமான மனுஷனா இருக்காரு." நோட்டை எடுத்துவந்து எழுத ஆரம்பித்தார். "நீ அந்தம்மாவக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. இந்த வயசுல தனியாப் போயி என்ன பண்ணுவாங்க? அந்த ஆள வரச் சொல்லு, நான் பேசறேன். தெனம் ஒரு வாட்டி சாப்பிட்டியான்னு கேளுய்யான்னு சொன்னா முடிஞ்சுது."

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய், துவைத்த துணியையே மறுபடி எடுத்து அடித்துத் துவைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வாழ்க்கையை வைத்தே பேசிப் பேசி, எங்கள் வாழ்க்கை அடுத்தவர் வாழ்க்கையாகவே அவர் காதில் விழுந்துவிட்டது. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. நேராகச் சொல்லத் தெரியாதது என் தப்பு.

அடுத்த வாரம் அவரே கேட்டார். "அந்தாளு வந்தானா?"

"நேரமில்லியாம்."

"சரி, அடுத்த வாரம் வரச் சொல்லு."

அதற்கடுத்த வாரமும், "நேரமில்லியாங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுஷன்யா இவன்! பொண்டாட்டி வூட்ட வுட்டுப் போறேங்கிறா, இவனுக்கு நேரமில்லியாமா? இவனையெல்லாம் நாலு வார்த்த நாக்கப் புடுங்கிக்கிற மாதிரிக் கேட்டாத்தான் சரிப்படுவான். போன் நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

பேனாவைத் திறந்துகொண்டார். நான் அவர் நம்பரையே சொல்ல ஆரம்பித்தேன். முதல் நான்கு எண்களை எழுதினார். ஐந்தாவதில் பேனா நின்றது. நிமிரவே இல்லை. நான் நிறுத்தாமல் பத்து எண்ணையும் சொல்லி முடித்தேன். ரொம்ப நேரம் கழித்து மீதி எண்களையும் எழுதினார். பாதியில் விட அவருக்குத் தெரியாது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நோட்டை மூடி, மறுபடி திறந்து, "எங்க போறதா இருக்க?" என்றார். பெரம்பலூர் விடுதியைச் சொன்னேன். வேலை போய்விடும், வீடு போய்விடும் என்று அவர் சொல்லவே இல்லை. கை மட்டும் திறந்த பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. இளகினதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

"முறைப்படி செய்வோம்" என்றார். "உன்ன நான் விசாரிக்கக் கூடாது. ஒரு பொம்பளதான் விசாரிக்கணும்."

யாரைக் கூப்பிடுவது என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. ரெட்டிபாளையத்துக்காரிக்கு போன் போட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவள் புருஷனுக்கு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. அவனும் அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான், பேசவும் மாட்டான். மூன்று தடவை பேசி நான்தான் திருப்பி அனுப்பினேன். பொங்கலுக்குப் பொங்கல் புருஷனோடு வந்து கரும்பு வைத்துவிட்டுப் போவாள். எந்த மேடையில் ஏறினாலும் இவர் அந்தச் சோடியைப் பற்றிச் சொல்லாமல் இறங்கமாட்டார்.

மறுநாள் பகல் பதினோரு மணி வாக்கில் புருஷனுடைய வண்டியில் வந்து இறங்கினாள். அவன் முன்கூடத்தில் இவருக்கு எதிரே உட்கார்ந்தான். பேசாத மனுஷன் பேசாத மனுஷனுக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்தான். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

அடுக்களையில் அவளே முறத்தைத் தேடி எடுத்தாள். வெங்காயக் கூடையைக் கவிழ்த்தாள். "உக்காருங்க டீச்சர். உரிங்க" என்றாள். உட்கார்ந்தேன். நான்கு வெங்காயம் உரிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல், நோட்டு, போட்டோவுக்குப் போடுகிற கை, மாடி அறைக் கட்டில், எல்லாம். யாரிடமும் சொல்லாததை, என்னிடம் அழ வந்தவளிடம் அழுதேன். அவளும் கூடவே உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இதே எடத்துல உக்காந்துதான் உரிச்சேன். ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"பொறுத்துக்கம்மா, நல்ல மனுஷன், வாயி மட்டுந்தான் இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் அன்னிக்குப் பையத் தூக்கிட்டு எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? சேத்து வைப்பீங்கன்னா? சேத்து வைக்க எங்கம்மா போதாதா, எங்கண்ணன் போதாதா? படிச்சவங்க, டீச்சரு, நீங்க 'போயிடும்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா யாரும் எதுத்துப் பேசமாட்டாங்கன்னு வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூணு வாட்டி வந்தேன்."

என் கையில் வெங்காயம் அப்படியே நின்றுவிட்டது. "இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே டீச்சர்."

பளாரென்று அறைந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. என்னை அவர் எதுவும் கேட்பதில்லை என்று இவ்வளவு நேரமாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவள் நான். வருஷா வருஷம் இவள் கொண்டுவந்த கரும்பைத் தின்றேனே தவிர, உனக்கு என்ன வேணும் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

"சரி, இப்பக் கேக்கறேன்" என்றேன். "நான் போகட்டுமா?"

உரித்த வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கினாள், தோலை ஒரு பக்கம் கூட்டினாள்.

"போங்கன்னுதான் வாயில வருது. ஆனா நீங்க போயிட்டீங்கன்னா நான் எதுக்கு டீச்சர் இருந்தேன்? டீச்சரே பொறுத்துக்கிட்டு இருக்காங்க, நமக்கென்னன்னுதான் ஒவ்வொரு நாளும் அடுப்பப் பத்த வெக்கிறேன். நான் மட்டுமா? எத்தன பேரு. நீங்க போனா நாங்கல்லாம் ஏமாந்தவங்களா ஆயிடுவோம்."

அவள் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. இருக்கிறதைச் சொன்னாள். அவரை விட்டுப் போக எனக்குத் தைரியம் இருந்தது. வேலையையும் வீட்டையும்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். இந்த அடுக்களையில் உட்கார்ந்து நான் திருப்பி அனுப்பிய ஒவ்வொருத்தியும் வாசலில் வரிசையாக நிற்கிறாள் என்றால் அதைத் தாண்டி எப்படிப் போவது? கதவைச் சாத்தியது வேறு யாரும் இல்லை. பொறுத்துக்கம்மா, பொறுத்துக்கம்மா என்று ஒவ்வொரு கல்லாக நானே அடுக்கிக் கட்டியிருக்கிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு விடுதிக்கு போன் செய்தேன். "மன்னிச்சுக்குங்க, வர முடியல" என்றேன்.

"வீட்டுல ஏதாவது சொல்றாங்களா டீச்சர்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலைங்க."

உரித்த வெங்காயம் அத்தனையும் சாம்பாருக்குப் போயிற்று. ரெட்டிபாளையத்துக்காரிதான் நான்கு இலை போட்டாள். எந்த இலைக்குப் பக்கத்தில் எந்த இலை என்பது அவளுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் புருஷன் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டான், அதுவும் கையைக் காட்டித்தான். சாப்பிட்டு இலையை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

நான் மடித்த இலையைப் பார்த்தேன். ரெட்டிபாளையத்துக்காரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் விளையாடவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த மருந்தை மனுஷர் நிஜமாகவே குடிக்கப் பார்க்கிறார்.

"சாப்பிட்டேங்க" என்றேன்.

கை கழுவியதும் நோட்டைக் கொண்டுவந்தார். குண்டு குண்டான கையெழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தார். ஊர்: அரியலூர். வயது: ஐம்பத்திரண்டு. காரணம்: கணவர் பேசுவதில்லை. முடிவு: சேர்ந்து வாழச் சம்மதம். கணவர் என்ற இடத்தில் அவர் போட்டிருந்தார். ஆலோசகர் என்ற இடத்திலும் போட்டிருந்தார். பேனாவை என்னிடம் நீட்டி, "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றார்.

போட்டேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. மேலே இருப்பது போகணும் என்று வந்தவளுடையது, கீழே இருப்பது அவளைத் திருப்பி அனுப்பியவளுடையது.